விருந்தாக வரும் பெரிய படகுகளும் மாநிலங்கள் கேட்கும் கட்டணமும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தின் நீர்ப்பரப்புக்குள், அந்த மாநிலத்தில் குடியிராத ஒருவர் முறையாகப் பதிவுசெய்யப்பட்ட தம் உல்லாசப் படகைக் கொண்டுவந்தால், முதல் 60 நாள்களுக்கு அவர் மாநில அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. 61-ஆம் நாளிலோ அதற்கு முன்போ அவர் கையில் ஓர் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். ஒரு சீட்டு இரண்டு மாதம் செல்லும். எத்தனை சீட்டு வாங்கினாலும், தொடர்ச்சியான 12 மாதங்களுக்குள் ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் படகு அங்கே தங்க முடியாது. தங்கினால் அது விருந்தாளி என்ற நிலையை இழந்து, உள்ளூர்ப் படகுக்குரிய வரிகள் அனைத்துக்கும் ஆளாகும்.

கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் செட்டிநாட்டு ஊர் ஒன்றில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். என் அண்ணன் மகன் மரைன் இன்ஜினியர். சரக்குக் கப்பல் வேலையை விட்டுவிட்டு, இப்போது செல்வந்தர் ஒருவரின் யாட்டில், அதாவது பெரிய உல்லாசப் படகில், பணிபுரிகிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது, “சித்தப்பா, வருகிற கோடையில் சியாட்டிலில் கொஞ்ச காலம் நின்றுவிட்டு அலாஸ்கா போகிறோம். கப்பல் முதலாளி பேரில் இல்லை, கம்பெனி பேரில் இருக்கிறது. ஏஜென்ட் ஒரு கணக்குச் சொல்கிறார், கேப்டன் வேறொரு கணக்குச் சொல்கிறார். நீங்கள் சட்டத்தைப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றான். அவனுக்காகப் படிக்கத் தொடங்கியதுதான். ஆனால் வந்து போகும் படகிடம் ஓர் அரசு எதை அளந்து பணம் கேட்கிறது, எதை அளக்காமல் விட்டுவிடுகிறது என்ற கேள்வி, படிக்கப் படிக்க நம்முடைய கடற்கரையைப் பற்றிய கேள்வியாகவும் எனக்குத் தோன்றத் தொடங்கியது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய படகு இரண்டு அரசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாட்டின் எல்லைக்குள் நுழைவது, சுங்கம், குடியேற்றம் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. குறிப்பிட்ட சில நாடுகளில் பதிவாகி அவற்றின் கொடியேந்திய உல்லாசப் படகுகளுக்கு அமெரிக்கச் சுங்கத் துறை பயண உரிமம் ஒன்றைத் தருகிறது. அது ஓராண்டு வரை செல்லும். அதை வைத்திருக்கும் படகு ஒவ்வொரு துறைமுகத்திலும் சரக்குக் கப்பலைப் போல முறைப்படி நுழைவும் விடுவிப்பும் பெற வேண்டிய சுமையிலிருந்து விடுபடுகிறது. காலம் முடிந்ததும் அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குப் போய், குறைந்தது 15 நாள் இடைவெளி விட்டு வந்தால்தான் அடுத்த உரிமம் கிடைக்கும். இவ்வளவும் மத்திய அரசோடு முடிந்துவிடும். அந்த உரிமத்தைக் காட்டி மாநிலத்தின் வரித் துறையிடமிருந்து தப்ப முடியாது. மாநிலத்துக்கு அதன் சொந்தக் கணக்கு உண்டு. கேப்டன்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்று அண்ணன் மகன் சொன்னான். நானும் துறைமுக வேலையில் இதற்கு நிகரான தடுமாற்றத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மேசையில் முத்திரை விழுந்துவிட்டால் எல்லா மேசையிலும் விழுந்துவிட்டது என்று நம்புவது மனித இயல்பு.

வாஷிங்டனின் 60 நாளுக்குப் பின்னணியாக அந்த நாட்டின் மத்தியச் சட்டத்தையே காட்டலாம். ஒரு மாநிலத்தில் பதிவு எண் பெற்ற படகு இன்னொரு மாநிலத்துக்கு இடம் மாறினால், புதிய மாநிலம் பழைய எண்ணை 60 நாள் வரை மதிக்க வேண்டும் என்பது அங்குள்ள மத்தியச் சட்டத்தின் ஏற்பாடு. அந்த அடித்தளத்தின் மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி சுவர் எழுப்பிக்கொள்கிறது. ஃபுளோரிடா 90 நாள் வரை பதிவு கேட்பதில்லை. வாஷிங்டன் 60 நாளுக்குப் பிறகு சீட்டு கேட்கிறது.

சிக்கல் உண்மையில் தொடங்குவது உரிமையாளர் யார் என்ற கேள்வியில்தான். பெரிய யாட்டுகளில் பெரும்பாலானவை தனி மனிதர் பெயரில் இருப்பதில்லை. கேமன் தீவுகளிலோ மார்ஷல் தீவுகளிலோ பதிவான ஒரு நிறுவனத்தின் சொத்தாக அவை இருக்கும். விபத்து நேர்ந்தால் பொறுப்பு முதலாளியின் மற்றச் சொத்துகள் மேல் ஏறாமல் இருப்பதற்கும், மாலுமிகளுக்குச் சம்பளம் போடுவதற்கும், பின்னாளில் விற்பதற்கும் அது வசதி. வாஷிங்டனின் பழைய சட்டத்தில் விருந்தாளிச் சீட்டு தனி மனிதருக்கு மட்டுமே இருந்தது. நிறுவனத்தின் பெயரில் உள்ள படகுக்கு 60 நாளோடு சரி. அதற்கு மேல் இருந்தால் பயன்பாட்டு வரி, அதாவது வெளியே வாங்கிய பொருளை மாநிலத்துக்குள் பயன்படுத்துவதற்கான வரி, கட்ட வேண்டும். மாநில விகிதம் 6.5 சதவீதம், அதன் மேல் உள்ளாட்சி வரியும் சேரும். 50 இலட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு யாட்டுக்கு மாநிலப் பங்கு மட்டும் 3,25,000 டாலர் வருகிறது. ஆண்டுதோறும் படகின் மதிப்பில் அரை சதவீதம் கட்ட வேண்டிய படகுத் தீர்வை இதற்குப் புறம்பானது. அது 25,000 டாலர்.

இந்தக் கணக்கைப் பார்த்த எந்தக் கேப்டனும் 59-ஆம் நாள் நங்கூரத்தைத் தூக்கிவிடுவார். ஹுவான் டி ஃபூக்கா நீரிணையைத் தாண்டினால் எதிர்க்கரை கனடா. சியாட்டிலில் பழுது பார்க்க வேண்டிய இயந்திரம் அங்கே பழுது பார்க்கப்படும். வாங்க வேண்டிய டீசலும் அரிசியும் பெயின்ட்டும் அங்கே வாங்கப்படும். மாநிலம் எதிர்பார்த்த வரியும் வராது, வரவேண்டிய வேலையும் போய்விடும். இதை உணர்ந்து, வாஷிங்டன் 2015-இல் சட்டத்தைத் திருத்தி, வெளியார் நிறுவனங்களின் பெயரில் உள்ள, 30 அடிக்குக் குறையாத படகுகளும் அனுமதிச் சீட்டு பெறலாம் என்று வழி திறந்தது. தனி மனிதருக்குச் சிறு தொகை. நிறுவனத்துக்கு அடிக்கு இத்தனை டாலர் என்ற வீதம். 100 அடிக்கு மேல் போனால் அந்த வீதமே உயர்கிறது. வெளியாரிடம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதி, கேட்பாரற்றுக் கைவிடப்பட்ட படகுகளை அகற்றுவதற்கும், அயல்நீரிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் உயிரினங்களைத் தடுப்பதற்கும் ஒதுக்கப்படுகிறது.

இதை அண்ணன் மகனுக்கு விளக்கியபோது எங்கள் நகரக் கோயில் கணக்குதான் கைகொடுத்தது. நகரத்தார் ஊர்களில் கோயில் செலவுக்குப் பணம் பிரிக்க மூன்று வழிகள் பழக்கத்தில் இருந்திருக்கின்றன. திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணி, எல்லாப் புள்ளிக்கும் ஒரே தொகை என்று வாங்குவது புள்ளி வரி. அவரவர் செல்வத்தைப் பார்த்து வாங்குவது ஆஸ்திப் பணம். நடந்த வியாபாரத்தின் மேல் ஒரு சிறு பங்கை ஒதுக்குவது மகமை. “அரை சதவீதத் தீர்வை ஆஸ்திக் கணக்கு, தனி மனிதருக்கான சீட்டு புள்ளிக் கணக்கு, உங்கள் கப்பலுக்குக் கேட்பது இரண்டுக்கும் நடுவே உள்ள அடிக்கணக்கு” என்றேன். அவன் உடனே பிடித்துக்கொண்டான். “அப்படியென்றால் பழுது பார்க்கும் செலவில் அங்கே போகும் விற்பனை வரி மகமையா, சித்தப்பா?” என்று கேட்டான். ஆம், அதுவேதான்.

இந்த மூன்றில் வந்து போகும் விருந்தாளிக்கு எது தக்கது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆஸ்திக் கணக்கு ஊர்க்காரனுக்கு உரியது. அவன் அந்த ஊரின் சாலையையும் பள்ளியையும் நீதிமன்றத்தையும் ஆண்டு முழுவதும் பயன்படுத்துகிறான். அவன் சொத்தைக் காப்பது அந்த ஊரின் காவல். அவனிடம் சொத்தின் அளவுக்கு வாங்குவது நியாயம். மூன்று மாதம் நங்கூரமிட்டுப் போகிறவனோ அவ்வளவையும் பயன்படுத்துவதில்லை. அவன் எடுத்துக்கொள்வது இடம், நீர், காலம், கரையில் உள்ளவர்களின் உழைப்பு ஆகியவையே. இடத்தை நீளத்தால் அளக்கலாம், காலத்தை நாளால் அளக்கலாம். உழைப்புக்கு அவன் கூலியாகவே கொடுத்துவிடுகிறான்; அதன் மேல் மகமை போல விற்பனை வரியும் விழுகிறது. நீளத்தை ஒரு நாடாவை வைத்து யாரும் அளந்துவிடலாம், வழக்குக்கு இடமில்லை. மதிப்பை அப்படி அளக்க முடியாது; ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் ஒவ்வொரு விலை சொல்வார், அந்த இடைவெளியில்தான் பேரமும் தாமதமும் நுழைகின்றன. கிளியரிங் வேலையில் மதிப்பைப் பற்றிய தகராறில் கிடங்கிலேயே கிடந்து கெட்டுப்போன சரக்குகளைக் கண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கிரேக்க நாடு 2019 மே மாதத்தில் நடைமுறைப்படுத்திய பயணக் கட்டணம் இந்த அடிக்கணக்கைத்தான் கொண்டிருந்தது. ஏழு மீட்டருக்கு மேற்பட்ட உல்லாசப் படகுகளுக்கு அது விதிக்கப்பட்டது. 12 மீட்டருக்கு மேற்பட்டவை மீட்டருக்கு மாதம் 8 யூரோ கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 30 மீட்டர் யாட்டுக்கு மாதம் 240 யூரோ என்று மாலுமியே மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். புறப்படும் முன்பே தெரிந்துவிடுகிற கட்டணம் என்பதே அதன் சிறப்பு.

இங்கே என் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஊர்க் கோயிலில் காரியம் பார்த்தவர். எதையும் எளிதில் விட்டுவிட மாட்டார். “தொண்டியில் வள்ளம் வைத்திருக்கிறவனுக்கு டீசலே பெரும்பாடு. இத்தனை கோடி போட்டுப் படகு வாங்கினவனுக்குச் சலுகை எதற்கு?” என்றார். அந்தக் கேள்வியில் உள்ள கோபம் நேர்மையானது. அதைத் தள்ளிவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது முறையாகாது. ஆனால் அமெரிக்கா அந்தக் கோபத்தைச் சட்டமாக்கியே பார்த்திருக்கிறது. 1990-இல் இயற்றிய வரவுசெலவுச் சட்டத்தின் வழியாக, 1,00,000 டாலருக்கு மேற்பட்ட விலையில் விற்கும் படகுகளுக்கு, அந்த அளவைத் தாண்டிய தொகையின் மேல் 10 சதவீத ஆடம்பர வரி 1991 முதல் விதிக்கப்பட்டது. பொருளாதாரமும் அப்போது மந்தமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து அடித்ததில் பணக்காரர்கள் படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள், அல்லது வேறு நாட்டில் வாங்கினார்கள். வேலை இழந்தவர்கள் படகு கட்டும் பட்டறைகளில் இருந்த தச்சர்களும் வெல்டர்களும் பாய் தைப்பவர்களும். 1993-இல் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். படகு கட்டுவதைப் பெரிய தொழிலாகக் கொண்ட ரோட் ஐலண்ட் மாநிலம் அதே 1993-இல் படகுகளின் மேலிருந்த தன் விற்பனை வரியையும் எடுத்துவிட்டது. ஃபுளோரிடா 2010-இல் ஒரு படகின் விற்பனை வரி எவ்வளவு போனாலும் 18,000 டாலரைத் தாண்டாது என்று உச்சவரம்பு வைத்தது. அதன் 6 சதவீத விகிதத்தில் பார்த்தால், 3,00,000 டாலருக்கு மேல் எவ்வளவு விலையானாலும் வரி அதற்கு மேல் ஏறாது. 2015-இல் ஒரு பழுதுபார்ப்புக்கு 60,000 டாலர் என்று இன்னொரு வரம்பும் சேர்ந்தது.

உச்சவரம்பு வைத்தது எனக்கு முழுதும் உடன்பாடில்லை. கோடிகளில் படகு வாங்குகிறவன், சாதாரணக் கார் வாங்குகிறவனைவிடக் குறைந்த விகிதத்தில் வரி கட்டுவதை நியாயப்படுத்துவது கடினம். ஊர்க்காரனுக்கு ஆஸ்திக் கணக்கு என்று நான் சொன்னதற்கே அது முரண். ஆனால் வந்து போகிறவன் விஷயம் வேறு. அவனை விரட்டினால் கரையில் இருக்கும் தச்சனுக்குத்தான் நட்டம் என்ற பாடத்தை 1991 முதல் 1993 வரையான காலம் கற்பித்திருக்கிறது. அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “சரி, வாங்குகிற கட்டணமாவது கரைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்” என்றார். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வாஷிங்டன் தன் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கைவிடப்பட்ட படகுகளை அகற்ற ஒதுக்குவதை நான் பெரிதாகச் சொன்னதும் இதனால்தான்.

பெரிய படகு என்பதற்கு எல்லை எது என்று பலரும் கேட்பார்கள். உலகக் கடல் சட்டங்களில் 24 மீட்டர் என்ற கோடு பல இடங்களில் வருகிறது. கப்பல் எந்த அளவு வரை சுமை ஏற்றலாம் என்பதற்குக் கோடு வகுக்கும் 1966-ஆம் ஆண்டின் அனைத்துலகச் சுமைக்கோட்டு உடன்படிக்கை 24 மீட்டருக்குக் குறைந்த புதிய கப்பல்களை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட பல விதிகள் அந்தக் கோட்டையே எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2019-இல், வெளிநாட்டுக் கொடியேந்திய பெரிய யாட்டுகள் தன் கரையோரம் வாடகைப் பயணம் நடத்த வழிசெய்து தனிச் சட்டம் இயற்றியபோதும் 24 மீட்டரைத்தான் வரம்பாக வைத்தது.

இந்தக் கோட்டுக்கு மேற்பட்ட தமிழ்ப் படகு ஒன்று உல்லாசப் படகாக அமெரிக்கக் கரையைத் தொட்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட அன்னபூரணி 89 அடி நீளம், அதாவது ஏறத்தாழ 27 மீட்டர். பாய்மரப் படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றியிருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, பெயரை மாற்றி, வல்வெட்டித்துறை மாலுமிகளைக் கொண்டு செலுத்தச் செய்தார். சூயஸ் வழியாக மத்தியதரைக் கடல், அங்கிருந்து அட்லாண்டிக், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது. நம் தச்சர்களின் கைவேலை அது. அந்தப் படகே இன்று சியாட்டிலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அண்ணன் மகனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ராபின்சன் பெயரிலேயே இருந்து, அவர் வேறு மாநிலத்துக்காரராகவும் இருந்தால், தனி மனிதருக்கான சிறு கட்டணம். அதே படகு ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் 89 அடிக்கும் அடிவீதம், ஆனால் 100 அடிக்குக் கீழ் என்பதால் குறைந்த வீதம். படகு ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். ஆவணத்தில் உள்ள பெயர் மட்டும் கட்டணத்தை மாற்றுகிறது. இது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. நீளத்தை அளப்பது என்று முடிவு செய்தபின் எல்லாரிடமும் நீளத்தையே அளந்திருக்கலாம்.

அலாஸ்காவுக்குப் போனால் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே வெளிநாட்டுக் கொடியேந்திய உல்லாசப் படகு 65 அடிக்கு மேல் இருந்தால், மாநிலத்தின் பைலட் விதி, அதாவது உள்ளூர்க் கடல்வழி தெரிந்த வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி, அதைப் பிடிக்கும். 175 அடி வரை உள்ளவை மாநிலக் கடல்வழி பைலட் வாரியத்திடம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, விலக்கு பெறலாம். பெற்றாலும் உள்ளூரில் ஓர் ஏஜென்ட்டை அமர்த்த வேண்டும். ராங்கெல் நேரோஸ் போன்ற குறுகலான, நீரோட்டம் கடுமையான வழிகளில் பைலட்டை ஏற்றியே தீர வேண்டும். இது வருமானத்துக்காக வைத்த விதி அன்று. பாறையில் மோதாமல் இருப்பதற்கான விதி. அண்ணன் மகனின் கப்பல் மார்ஷல் தீவுகளின் கொடியில் இருப்பதால் இது அவர்களுக்குப் பொருந்தும். ஏஜென்ட் சொன்ன கணக்கில் இது இருந்தது, கேப்டன் சொன்ன கணக்கில் இல்லை.

அலாஸ்காவிலேயே உள்ள பனியாற்று விரிகுடா (கிளேசியர் பே) தேசியப் பூங்காவின் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது மத்திய அரசின் பூங்கா. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஒரு நாளில் 25 தனியார் படகுகளுக்குத்தான் அங்கே இடம். ஒரு சீட்டு அதிகபட்சம் ஏழு நாள் செல்லும். கட்டணம் கிடையாது. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் 26-ஆவது படகாக உள்ளே நுழைய முடியாது. திமிங்கிலங்கள் மேய வரும் நீரில் இயந்திர இரைச்சலையும் மோதலையும் குறைப்பதற்காக எண்ணிக்கையையே வரம்பாக வைத்திருக்கிறார்கள். பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்புக்கு விலை வைக்காமல் வாசலை வைத்த இந்த முடிவு, நான் படித்த விதிகளிலேயே என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது.

பிரான்ஸ் நாடும் தன் மத்தியதரைக் கடற்கரையில் இதற்கு ஒப்பான ஒன்றைச் செய்திருக்கிறது. பொசிடோனியா என்ற கடற்புல் அங்கே படுகைகளாக வளர்கிறது. மீன் குஞ்சு பொரிப்பதும் வளர்வதும் அதில்தான். பெரிய யாட்டின் நங்கூரமும் சங்கிலியும் ஒரு முறை இழுபட்டால் அந்தப் புல் வேரோடு பெயரும்; திரும்ப வளர மிக நீண்ட காலம் பிடிக்கும். 2019-இல் தொடங்கிய ஆணைகளின் வழியாக, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள் அந்தப் புற்படுகைகளில் நங்கூரமிடக் கூடாது என்று பகுதி பகுதியாக வரைபடத்தில் கோடு போட்டுத் தடை விதித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பாக் நீரிணைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பகுதிக்குக் கடல் என்றால் அதுதான். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் தொண்டி, அதற்கு வடக்கே கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி. ஆழம் குறைந்த அந்த நீரின் அடியில் பரந்து கிடப்பது கடற்புல். அதைத் தின்று வாழ்வது கடற்பசு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பெரிய யாட்டுகள் இன்று அங்கே வருவதில்லை. தாய்லாந்தின் ஃபுக்கெட்டிலும் மலேசியாவின் லங்காவியிலும் இருந்து செங்கடல் நோக்கிப் போகும் பாய்ப்படகுகள் வாடைக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி, இலங்கையையோ மாலத்தீவையோ கொச்சியையோ தொட்டுப் போகின்றன. கொச்சியில் போல்காட்டித் தீவில் அனைத்துலகத் தரத்தில் ஒரு மரினா, அதாவது உல்லாசப் படகுகள் நிறுத்தும் துறை, இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. பாம்பன் கால்வாய் வழியாகச் சிறிய கப்பல்களும் எப்போதாவது யாட்டுகளும் பாலம் திறக்கும்வரை காத்திருந்து கடக்கின்றன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலே தூக்கப்படுகிறது. கடற்சுற்றுலா பற்றிய பேச்சு எல்லாக் கடலோர மாநிலங்களிலும் எழுந்திருக்கும் நிலையில், ஒரு நாள் நம் பக்கத்திலும் மரினாக்கள் வரக்கூடும் என்றே எண்ணுகிறேன்.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் படகுக்கு ஒவ்வோர் இடத்திலும் புதிதாக ஒப்புதல் வாங்கும் தொல்லையை இந்தியா உள்நாட்டு நீர்வழிகளில் ஏற்கெனவே நீக்கிவிட்டது. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழ் ஒரு மாநிலத்தில் பதிவான உள்நாட்டுக் கலம் இன்னொரு மாநிலத்துக்குப் போகத் தனி ஒப்புதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி ஒரு பதிவு நாடு முழுவதும் செல்லும். கடலோரத்தில் பெருந்துறைமுகங்கள் மத்திய அரசின் கையிலும், மற்றவை மாநிலக் கடல்சார் வாரியங்களின் கையிலும் இருக்கின்றன. தமிழ்நாடு கடல்சார் வாரியம் 1997 முதல் இயங்குகிறது. பாம்பன், நாகப்பட்டினம், கடலூர் முதலியவை அதன் கீழ் வருபவை. 2025-இல் இயற்றப்பட்ட இந்தியத் துறைமுகங்கள் சட்டம் 1908-ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கி, மாநில வாரியங்களுக்குத் தெளிவான இடத்தைத் தந்திருக்கிறது. ஆகவே உல்லாசப் படகுகளுக்கான கட்டண விதியை எழுதும் வாய்ப்பு மாநிலத்திடம் இருக்கிறது.

எழுதும்போது நீளமும் நாளும் மட்டுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். படகின் விலையும் உரிமையாளர் பெயரும் அதில் நுழையாமல் இருக்கட்டும். கஸ்டம்ஸ், குடியேற்றம், துறைமுகம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும்; ஃபுக்கெட்டின் ஆவோ சலோங்கில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், படகோட்டி ஒரே கட்டடத்தில் எல்லா முத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறான். கட்டணத்தில் கரையின் பங்கு இவ்வளவு என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் அண்ணனின் கோரிக்கை, அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கடற்புல் உள்ள பரப்புக்குக் கட்டணப் பட்டியலே வேண்டாம். 24 மீட்டருக்கு மேற்பட்ட படகு எங்கே நங்கூரமிடக் கூடாது என்ற கோட்டை, முதல் படகு வருவதற்கு முன்பே வரைபடத்தில் போட்டுவிட வேண்டும். வந்தபின் போட்டால் அது ஏற்கெனவே முதலீடு செய்தவர்களோடு நடத்தும் வழக்காகிவிடும். அந்த வரைபடம் ஆங்கிலத்தில் கேப்டனுக்குப் போய்ச் சேர்வதைப் போலவே, தமிழில் கட்டுமாவடியிலும் மணமேல்குடியிலும் உள்ள மீனவர் சங்கங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். கோட்டுக்குள் ஒரு படகு நங்கூரம் இறக்கினால் அதை முதலில் காணப்போகிறவர்கள் அவர்கள். எந்த அலுவலகத்துக்கு, எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதே தாளில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.